வலந்தலைச் சாதம் வில்லையாகப் பெயர்கிறது: தோலா, கைவேலையா, சுருதியா?

கொழிஞ்சாம்பாறை_லயம்:

வகுப்பில் பயன்படும் 24 அங்குலக் குச்சி மிருதங்கம் (தோல்களுக்கு நடுவே ஈர்க்குச் செருகியது). வலந்தலைக்கு (வலப்பக்க முகம்) புது மூட்டு (விளிம்போடு பின்னிய தோல் தொகுதி) போட்டு அதிக நாள் ஆகவில்லை. சாதம் (தோல் நடுவில் உள்ள கருப்பு வட்டம்) நடுவில் காசு அளவுக்குப் பெயர்ந்து வந்துவிட்டது. பொடியாக உதிரவில்லை, முழு வில்லையாகவே எழும்பியது. அடியில் தோல் வழவழவென்று தெரிகிறது. சுற்றியுள்ள சாதம் உறுதியாக இருக்கிறது, மீட்டும் (சாதத்தைச் சுற்றிய ஓரத் தோல்) நன்றாகப் பேசுகிறது.

கேள்வி மூன்று. அந்த இடத்தை மட்டும் ஒட்ட முடியுமா? மூட்டையே மாற்ற வேண்டுமா? பெருவெம்பில் (பாலக்காட்டில் வாத்தியம் செய்யும் ஊர்) மிருதங்க வேலையும் செய்கிறார்களா, அல்லது செண்டை, மத்தளம் மட்டும்தானா? வேலை பார்த்த கடையைக் குறை சொல்ல எழுதவில்லை, பெயர் கேட்காதீர்கள்.

தோல்_வார்_மூட்டு:

வில்லையாக வந்தால் ஒரு காரணம், பொடியாக உதிர்ந்தால் வேறு காரணம். இதைப் பிரிக்காமல் மூட்டை மாற்றினால் காசுதான் போகும்.

அடியில் தோல் வழவழப்பாக இருக்கிறது என்றால், சாதம் முதல் நாளிலிருந்தே தோலைப் பிடிக்கவில்லை. ஆட்டுத்தோலில் கொழுப்பு நின்றிருக்கும், இல்லாவிட்டால் சாதம் உட்காரும் வட்டத்தைச் சுரண்டாமல் வைத்திருப்பார்கள். கொட்டுத்தட்டில் (சாதம் உட்காரும் ஆட்டுத்தோல்) அந்த வட்டத்தைக் கத்தி முனையாலோ உப்புத்தாளாலோ லேசாகச் சுரண்டி மினுமினுப்பை எடுக்கணும். அதன்மேல் கிட்டம் (கருப்புக் கல்பொடி) கலக்காத வெறும் சோற்றுப்பசை ஒரு பூச்சு. அதுதான் பிடிமானம். அவசர வேலையில் முதலில் அடிபடுவது இந்த இரண்டும்தான், ஏனென்றால் முடிந்த பிறகு வெளியே தெரியாது.

சாதம் வைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எது எங்கே தவறுகிறது என்று புரியும். சோறு குழைய வேகணும். பலகையில் வைத்து ஒரு பருக்கை கூட முழுசாக நிற்காமல் மசிக்கணும். கிட்டக்கல்லை இடித்து, துணியில் சலித்து, அந்த மாவு போன்ற பொடியை மட்டும் சேர்த்துப் பிசையணும். பதம் கையில்தான் தெரியும்: விரலால் இழுத்தால் நூல் நூலாக நீளக்கூடாது, உருட்டினால் வெடிக்கவும் கூடாது. சுண்டைக்காய் அளவு எடுத்து, கட்டை விரலால் மெல்லிசாகத் தடவி, வழவழப்பான கல்லால் தேய்க்கணும். தேய்க்கிற சூட்டிலேயே அந்தப் பூச்சு உலர்ந்துவிடும். உலர்ந்த பிறகே அடுத்த பூச்சு. போகப்போக வட்டம் சற்றுச் சுருங்கும், அதனால் நடு கனமாகவும் ஓரம் சரிந்தும் வரும். இப்படிப் பூச்சு மேல் பூச்சாக ஒரு வலந்தலைக்கு அரை நாள் ஓடிவிடும்.

சோறு கூடினால் சாதம் ஓடு மாதிரி இறுகும், பிறகு பெரிய பெரிய சில்லாகக் கழன்று வரும். கிட்டம் கூடினால் வாசிக்க வாசிக்க கருப்புப் பொடி விரலில் ஒட்டும். ஈரம் காயாமல் அடுத்த பூச்சு ஏற்றினால் பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவில் பெயரும். அப்போது அடியில் தெரிவது தோல் அல்ல, பழைய சாதம். உங்களுக்குத் தோல் தெரிகிறது, ஆகவே அடிப்பிடிமானம்தான் பிரச்சினை.

ஓரத்தில் கொஞ்சம் சிதறினால் ஒட்டுப் போடலாம். நடுவில் போடக்கூடாது. புதுச் சாதமும் பழைய சாதமும் ஒரே கனத்தில் உட்காராது, 'தின்' என்ற சொல் இரண்டாகக் கேட்கும். முழுச் சாதத்தையும் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிட்டு, அதே தோலில் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். மீட்டு பேசுகிறது என்கிறீர்கள், ஆகவே மூட்டை மாற்ற வேண்டியதில்லை.

பொள்ளாச்சி_பக்கவாத்தியம்:

நல்ல விளக்கமுங்க. மயிரிழை மாதிரி விரிசல் சாதம் முழுக்க ஓடுதுங்க எங்க மிருதங்கத்துல. அதுவும் கெட்டதுங்களா?

தோல்_வார்_மூட்டு:

அது கெட்டதில்லை, வேண்டியது. கல்லால் தேய்க்கும்போதே அந்த நுண்விரிசல் விழணும். சாதம் ஒரே பாளமாக இருந்தால் தோலோடு சேர்ந்து வளையாது, நாதம் அடைத்துக்கொள்ளும். விரிசலுக்கு நடுவே ஒரு சில்லு ஆடுகிறதா, நகத்தால் தட்டினால் 'டக்' என்று தனியாகச் சத்தம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆடினால்தான் கவலை.

கல்பாத்தி_கனம்:

கொழுப்பு, சுரண்டல் எல்லாம் சரி. ஆனால் எல்லாப் பழியையும் வேலைக்காரர் தலையில் போடுவது நியாயம் இல்லை. லயம் சார், 24 அங்குலத்தை எந்தச் சுருதியில் வைத்திருக்கிறீர்கள்? வகுப்புகளில் பெண் பிள்ளைகள் பாடுவதற்காக அதே மிருதங்கத்தைக் கல்லால் அடித்து ஏற்றுகிறார்கள், மறுநாள் இறக்குகிறார்கள். 24 அங்குலம் ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு உண்டான நீளம். நாலு, அஞ்சு கட்டைக்கு 22 அங்குலம் தனியாக வேண்டும், அதற்குச் சாதமும் மெல்லிசாக வைப்பார்கள். சாதத்தின் கனம்தான் சுருதியைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. கனமான சாதத்தை வைத்துக்கொண்டு தோலை மட்டும் இழுத்தால், தோல் நீளும், சாதம் நீளாது. அந்த இழுபறியில் நடுவில்தான் முதலில் விடும்.

கொழிஞ்சாம்பாறை_லயம்:

ஆமாம், இரண்டு கட்டைக்கு மேலே ஏற்றுவது உண்டு.

கல்பாத்தி_கனம்:

அப்போ இரண்டும் சேர்ந்துதான். பிடிமானம் சரியில்லாத சாதத்தை ஏற்றிய சுருதி எழுப்பிவிட்டிருக்கிறது. சுருதி சேர்க்கும்போது மூட்டை ஒரே இடத்தில் ஓங்கி அடிக்காதீர்கள். 16 கண்ணிலும் (மூட்டில் தோல்வார் கோக்கும் இடங்கள்) ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு, எது தாழ்ந்திருக்கிறதோ அங்கே மேலிருந்து கீழ்நோக்கி லேசாக அடித்தால் ஏறும், கீழிருந்து மேலே அடித்தால் இறங்கும். எதிரெதிர்க் கண்களை ஜோடியாகச் சேர்த்துக்கொண்டு போகணும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் கொட்டுத்தட்டு கோணிக்கொள்ளும், சாதமும் நடுவை விட்டு ஒதுங்கும்.

அறிவியல்_ஆர்வலர்_பாலக்காடு:

சாதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் குறிப்பு. வெறும் தோலைத் தட்டினால் வரும் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் இருக்காது, அதனால்தான் பல மேளங்களில் சத்தம் மட்டும் வரும், சுருதி நிற்காது. மிருதங்கம், தபலா வகையில் நடுவில் பாரம் ஏற்றியதால் அந்த மேல்சுரங்கள் வரிசைக்கு வருகின்றன. சி. வி. ராமன் 1920-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார், 1934-ல் விரிவாக எழுதினார். தோல் அதிரும் முதல் ஒன்பது விதங்களும் ஐந்து இசைவான சுரங்களாக ஒடுங்குகின்றன என்று காட்டினார். பாரம் நடுவை விட்டு நகர்ந்தாலோ, பாதி பெயர்ந்தாலோ இந்த ஒழுங்கு கலையும். உங்கள் மிருதங்கத்தில் இப்போது 'தின்' சரியாக வராவிட்டால் காரணம் அதுதான்.

பெருவெம்பு_வழி:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பெருவெம்பில் செண்டை, மத்தளம், மிருதங்கம், திமிலை, இடக்கை எல்லாமே செய்கிறார்கள். கடச்சிக்கொல்லர் குடும்பங்கள்தான் தலைமுறையாகப் பார்க்கிறார்கள். 'பாலக்காடு மத்தளம்' என்று புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் செய்வதை எல்லா வீட்டிலும் செய்ய மாட்டார்கள். செண்டை வட்டத்தில் கை தேர்ந்தவரிடம் மிருதங்கச் சாதம் வைக்கச் சொல்லாதீர்கள், அவரே 'அங்கே போங்கள்' என்று பக்கத்து வீட்டைக் காட்டுவார்.

வேலையின் குணமே வேறு. மிருதங்கத்தில் தோலை மூட்டோடு பின்னி, மரக்கட்டை வாயில் இழுத்துக் கட்டுகிறோம். செண்டையில் தோலை ஒரு வளையத்தில் பசை போட்டு ஒட்டி, அந்த வட்டத்தைக் கயிறு போட்டுக் குற்றியோடு (மரக்கட்டை) இழுக்கிறார்கள். பசைக்குப் பனச்சிக்காய். செண்டையின் இடந்தலைக்கு ஒன்றிரண்டு தோல் போதும், வலந்தலைக்கு ஐந்து ஏழு என்று தோல் மேல் தோல் ஒட்டுவார்கள், அதனால்தான் அது தாழ்ந்து முழங்குகிறது. ஒவ்வொரு தோலும் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டணும். நடுவில் ஒரு குமிழ் நின்றால் போதும், வெயில் பட்டதும் அங்கே உப்பும், கோல் விழ விழ அந்த இடம் கிழியும். பசை போட்ட தோலை உடனே வெயிலில் காட்டினால் மேல் தோல் முந்திக் காய்ந்து சுருங்கும், அடித்தோல் ஈரமாகவே நிற்கும், இரண்டும் பிரிந்துவிடும். நிழலில் காயவைத்துப் பிறகுதான் வெயில்.

கட்டைக்கு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பலாதான். பாலக்காட்டில் இந்தத் தொழில் வேரூன்றியதற்குப் பலாவும் ஒரு காரணம், கோவில் இன்னொரு காரணம். பஞ்சவாத்தியம் இருக்கும் ஊரில் மத்தளம் பழுது பார்க்க ஆள் வேண்டுமே.

பொள்ளாச்சி_பக்கவாத்தியம்:

கட்டை வாங்கும்போது என்ன பார்க்கணுமுங்க? பழசு வாங்கலாமா?

பெருவெம்பு_வழி:

பழசு தாராளமாக வாங்கலாம், நன்றாகக் காய்ந்த கட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். வைரம் பாய்ந்த பலாவாக இருக்கணும், ஓரத்து வெளுத்த மரம் கூடாது. மூட்டு, வார் எல்லாம் அவிழ்த்து வெறும் கட்டையைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். வாய் விளிம்பில் தலைமயிர் நுழையும் விரிசல் இருக்கிறதா, உள்ளே பூச்சித் துளையை மெழுகோ மரத்தூளோ வைத்து அடைத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பு ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் விளிம்பை இழைத்துத்தான் தோல் போடணும், இல்லாவிட்டால் எத்தனை மூட்டு போட்டாலும் ஒரு பக்கம் சுருதி நிற்காது. பச்சைக் கட்டை முதல் கோடையில் வெடிக்கும். கைக்கு அதிகம் கனப்பதை 'நல்ல மரம்' என்று நம்பி ஏமாறுகிறார்கள், பல சமயம் அது ஈரத்தின் கனம்.

கொல்லங்கோடு_தாளம்:

குச்சியா கப்பியா என்று ஒரு வார்த்தை. வகுப்பு மிருதங்கத்துக்கு ஏன் குச்சி? வெட்டுத்தட்டுக்கும் (மேல் வளையத் தோல்) கொட்டுத்தட்டுக்கும் நடுவே ஈர்க்குத் துண்டுகள் செருகியது குச்சி, அந்த இடத்தில் கல் நொய் போட்டது கப்பி. குச்சியில் சாப்பு என்ற அடி இனிமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் கை விழுகிற வேகத்தில் ஈர்க்கு ஒடிந்து நகர்ந்துவிடும். பிறகு ஒரு பக்கம் கரகரக்கும், ஒரு பக்கம் ஊமை. கப்பி பராமரிக்கச் சுலபம்.

கல்பாத்தி_கனம்:

பிள்ளைகள் காது எதைக் கேட்டு வளர்கிறதோ அதைத்தான் கை தேடும். ஈர்க்கு ஒடிந்தால் மாற்றிக்கொள்ளலாம், மரத்த காதை மாற்ற முடியாது. கப்பி வேண்டாம் என்று சொல்லவில்லை, கச்சேரிக்கே கப்பி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். சுலபம் என்பதற்காக மட்டும் போகாதீர்கள்.

கொல்லங்கோடு_தாளம்:

மாதா மாதம் ஈர்க்கு மாற்ற ஆளைத் தேடி அலைகிறவனுக்குத்தான் அந்தச் சுலபத்தின் அருமை தெரியும் 🙂

தோல்_வார்_மூட்டு:

இரண்டு பேரும் வலந்தலையிலேயே நிற்கிறீர்கள், தொப்பியை (இடப்பக்க முகம்) கவனியுங்கள். பாதி வகுப்புகளில் தொப்பி ரவையைச் சுரண்டாமல் உறையில் போட்டுவிடுகிறார்கள். அது காய்ந்து இறுகித் தோலை இழுக்கும், பிறகு பிய்த்தெடுக்கும்போது ஆட்டுத்தோலின் மேல் நாரும் கூட வரும். இரவில் கரப்பான் ரவைக்கு வந்து, அப்படியே சாதத்தின் சோற்றையும் கடிக்கும். ஓரத்தில் அரித்த மாதிரி சின்னச் சின்னக் குழி இருந்தால் அது வாசிப்பில் வந்தது அல்ல, கரப்பான்.

நைஸ் ரவை, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டை. நடுவில் வைத்து விரலால் பரப்பணும், ஓரம் மெல்லிசாக. தளதளவென்று இருந்தால் வாசிக்கும்போது கையோடு வரும், கெட்டியாக இருந்தால் கும்கி (கையை அழுத்தி நகர்த்தும்போது வரும் தாழ்ந்த நாதம்) வராது. வலந்தலை ஸட்ஜத்துக்குக் கீழ் ஸா பேசுகிற வரைக்கும் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வழித்தெடுத்து ஈரத்துணியால் துடைத்து, தோல் காய்ந்த பிறகு உறை.

பொள்ளாச்சி_பக்கவாத்தியம்:

தோல் எங்கிருந்து வாங்குறாங்க, எது நல்ல தோலுன்னு எப்படித் தெரியுமுங்க?

தோல்_வார்_மூட்டு:

வலந்தலையில் மூன்று அடுக்கு. மேலே வெட்டுத்தட்டு, மாட்டுத்தோல், நடுவில் வட்டமாக வெட்டி எடுத்தது. நடுவில் கொட்டுத்தட்டு, முழு ஆட்டுத்தோல், சாதம் இதன்மேல்தான். கட்டை விளிம்பை ஒட்டி உட்கரைத்தட்டு, மறுபடி மாட்டுத்தோல் வளையம். தொப்பியில் வெளிவளையம் எருமைத்தோல், உள்ளே ஆட்டுத்தோல். வாருக்கு எருமை. ஆகவே ஒரு மிருதங்கத்துக்கு மூன்று வகை மிருகம். எது ஒன்று தட்டுப்பட்டாலும் வேலை நிற்கும்.

ஆட்டுத்தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கனம் ஒரே சீராக இருக்கணும். கத்தி பட்ட கீறல், உண்ணி கடித்த புள்ளி இருக்கக்கூடாது. உப்புப் போட்டுப் பதப்படுத்திய தோல் வேண்டவே வேண்டாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மேகம் மூடினாலே சுருதி விழும். ரசாயனத்தில் பதனிட்ட தோல் செருப்புக்கு நல்லது, நாதத்துக்கு அல்ல, அது துணி மாதிரி தொய்ந்து ஒலிக்கும். உப்பில்லாமல், இழுத்துக் கட்டி, காற்றில் காயவைத்த பச்சைத்தோல்தான் வேண்டும். இறைச்சிக் கடைகளிலிருந்து தோல் மொத்தமாகப் பதனிடும் ஆலைக்குப் போகும்போது உப்புப் போட்டே போகிறது. அந்த வரிசையில் புகுந்து, உப்புப் படுமுன் நாலு நல்ல தோல் பொறுக்குவதுதான் இன்று இந்தத் தொழிலில் பெரிய பாடு.

பெருவெம்பு_வழி:

அதோடு காலமும் சேர்த்துப் பாருங்கள். விருச்சிகம் (மலையாளக் கார்த்திகை) பிறந்தால் கோவில்களில் உற்சவ வேலை தொடங்கும், மேடம் (சித்திரை) முடிகிற வரை செண்டைக்காரர்கள் மூச்சு விட மாட்டார்கள். நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழா மீனம் (பங்குனி) 20, அதற்கு முந்தைய வாரம் எந்தப் பட்டறையிலும் மிருதங்கத்துக்கு இடம் இல்லை. கார்த்திகையில் சென்னை சீசனுக்காக மூட்டு வேலை குவியும். ஆடியில் ஆள் சும்மா இருப்பார், ஆனால் தோல் காயாது. ஆடியில் போட்ட மூட்டு கார் முடிந்ததும் சுருதி மாறும், வாரை மறுபடி சரிசெய்யணும். மாசி, பங்குனி வெயிலில் நன்றாகக் காய்ந்த தோலை எடுத்து வைக்கிறவர்தான் கெட்டிக்காரர்.

2020, 2021 இரண்டு வருடமும் உற்சவம் நின்றபோது இந்த வீடுகளில் வருமானம் அடியோடு போனது. புவிசார் குறியீடு அப்போதும் இருந்தது, சோறு போடவில்லை. அந்தக் காகிதத்தால் வெளியூர்க்காரர் போலி விற்பதைத் தடுக்கலாம், அவ்வளவுதான். பட்டறையை ஓட்டுவது புது மத்தளம் அல்ல, பழைய வாத்தியத்துக்கு வருடா வருடம் மாற்றுகிற தோல். அதற்குக் கேட்கிற கூலியைப் பேரம் பேசுகிறவர்களே மேடையில் 'பாரம்பரியம் அழிகிறது' என்று பேசுகிறார்கள்.

கொல்லங்கோடு_தாளம்:

போல்ட் போட்ட மிருதங்கம் வந்த பிறகு கூலி குறைந்துவிட்டது என்றும் சொல்கிறார்களே?

கல்பாத்தி_கனம்:

போல்ட் வந்தது வாருக்குப் பதிலாக. ஸ்பானர் போட்டுச் சுருதி ஏற்றலாம், விமானத்தில் போகிறவர்களுக்கு வசதி. தோல், சாதம், மீட்டு மூன்றும் கையால்தான். சொல்லப்போனால் ஸ்பானர் கையில் இருப்பதால் ஆட்கள் அளவுக்கு மேல் ஏற்றி, தோலைச் சீக்கிரம் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள், சாத வேலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. குறைந்தது வார் பிடிக்கும் வேலை. அது இரண்டு பேர் சேர்ந்து பலம் போட்டுச் செய்வது, இன்று அதற்குக் கூட ஒரு ஆள் கிடைப்பதில்லை.

செயற்கைத் தோல் வேறு கதை. மழையிலும் சுருதி அசையாது, சாதகத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். கும்கி மட்டும் அதில் வழுக்கிக்கொண்டு போகும்.

கொழிஞ்சாம்பாறை_லயம்:

எல்லோருக்கும் நன்றி. சாதம் மட்டும் மாற்றுவது, 22 அங்குலம் ஒன்று தனியாக வாங்குவது என்று முடிவு. அனுப்பும்போது சாதத்தை நாங்களே எடுத்துவிட்டு அனுப்பலாமா?

தோல்_வார்_மூட்டு:

வேண்டாம். ஊறவைப்பதில் தண்ணீர் ஓடி ஈர்க்குக்குள் போனால் மீட்டும் போகும். பெயர்ந்த வில்லையையும் தூக்கிப் போடாமல் காகிதத்தில் மடித்துக் கூடவே கொடுங்கள், அதன் கனத்தையும் அடிப்பக்கத்தையும் பார்த்தால் அவருக்கே விஷயம் தெரியும். சுருதியை முழுக்க இறக்கிவிட்டு அனுப்புங்கள். பஸ்ஸில் கொண்டுபோனால் படுக்க வைத்து, இன்ஜின் பக்கம் இல்லாமல். எந்தச் சுருதிக்கு வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி உறையில் கட்டுங்கள், வாயால் சொன்னால் பத்து மிருதங்கத்துக்கு நடுவே மறந்துபோகும். வாங்கிய பிறகு முதல் சில நாள் ஒரு கட்டைக்கு மேல் ஏற்றாமல் மெதுவாக வாசியுங்கள். தோல் இறங்கி நிற்கும், அதன் பிறகு ஏற்றினால் போதும்.

பெருவெம்பு_வழி:

இப்போது போனால் உடனே கிடைக்கும். துலாம் (ஐப்பசி) கடைசியில் கல்பாத்தித் தேர், அதை ஒட்டிப் போனால் தை வரை காத்திருக்கணும்.